நாற்பத்தேழரை வீட்டுக் குலுக்கு

ஒத்தப்பனைவிளைக்காரர்களிடம் போய், உங்கள் ஊரில் பள்ளம் தாண்டுகிற வண்டி ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டுப் பாருங்கள், வண்டியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தங்கள் முறை வந்த அன்றைக்குத் தங்கள் வீட்டில் என்ன விழுந்தது, என்ன உடைந்தது, யார் கட்டிலில் இருந்து கிளம்பி யார் மேல் போய் விழுந்தார்கள் என்பதைத்தான் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துச் சொல்வார்கள். வண்டியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சித்திரைக்கனியிடம்தான் போக வேண்டும். அவள் லேசில் பேச மாட்டாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஷேர் ஆட்டோ ஓட்டிய புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், பிள்ளை கிடையாது. அவன் போன மறு மாதமே ஊருக்கு மேற்கே உடைமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, ஆட்டோவோ மொபெட்டோ தண்ணீர் மோட்டாரோ எது வந்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்ய ஆரம்பித்தாள். பொம்பளைக்கு எதற்கு ஸ்பானர் என்று கேட்டவர்களின் வண்டியைத்தான் முதலில் எடுத்து, முழுசாகச் சரிசெய்து, ஹாரன் மட்டும் அடிக்காதபடி பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஊரில் எதற்கும் தலைக்கட்டுதான் அளவு, குடும்பத்துக்கு ஒன்று. அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட வேண்டுமா, கிணறு தூர் வார வேண்டுமா, கோயில் நோட்டில் கிழக்கே இருந்து வரிசையாக எழுதியிருக்கிற வீடுகளை ஊர்த்தலைவர் கோயில்பிள்ளை அண்ணாச்சி ஒவ்வொன்றாக வாசிப்பார், அந்தந்த வீட்டுக்காரர் ‘ஏத்துக்கிட்டோம்’ என்பார், அத்தோடு வேலை பங்காகிவிடும். ஆம்பிளை இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு, அரைக்குக் கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது. புருஷன் செத்த பதினாறாம் நாளே அவள் வீட்டுக்கு நேரே ‘அரை’ என்று எழுதியாகிவிட்டது. ஆனால் கொடைக்கு ஜெனரேட்டர் கொடுத்த மணல் கம்பெனிக்கு, ஊரில் ஒரு அடுப்புகூட இல்லாத அந்தக் கம்பெனிக்கு, நோட்டின் கடைசி வரியில் முழுத் தலைக்கட்டு. ஆக மொத்தம் நாற்பத்தேழரை.

அந்தக் கம்பெனிதான் தை மாதம் பள்ளம் தோண்டியது. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு, செக்கச்செவேலென்ற தேரி மணலுக்குள்ளே, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கால்பட்டுக் கால்பட்டு இறுகிப்போன ஒரே ஒரு பாதை. அதைக் குறுக்கே வெட்டி, பதினைந்து அடி அகலத்துக்குக் குழி எடுத்து, அடியில் முள்கம்பியைச் சுருட்டிப் போட்டுவிட்டு, இது எங்கள் இடம், வேண்டுமானால் சுற்றிப் போங்கள் என்றார்கள். சுற்றினால் பதினொரு கிலோமீட்டர். பலகை போட்டால் அன்றைக்கே ஆள் விட்டுத் தூக்கினார்கள். ஊரார் மனுக் கொடுத்தார்கள். தாசில்தார் ஒரு நாள் வந்து பார்ப்பார், அன்றைக்குப் பாதை புழக்கத்தில் இருந்தால் பள்ளத்தை மூட வேண்டும், இல்லையென்றால் வரைபடத்தில் இருந்தே பாதையை எடுத்துவிடலாம் என்று பதில் வந்தது. பள்ளம் கிடக்கும்போது பாதை எப்படிப் புழங்கும் என்று கேட்க அந்தக் காகிதத்தில் இடமில்லை. கோயில்பிள்ளை அண்ணாச்சி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இனி அம்மன் விட்ட வழி என்றார்.

சித்திரைக்கனி அம்மனைத் தொந்தரவு செய்யவில்லை. கடற்கரையில் மூடிப்போன ஓட்டல் ஒன்று, வெளியூர்க்காரர்கள் மணலில் விளையாட வைத்திருந்த நாலு சக்கர பைக்கைப் பழைய இரும்போடு தள்ளிவிட்டிருந்தது. உட்காரும் இடம் குதிரைமேல் உட்காருகிற மாதிரி, முன்னே ஹாண்டில்பார், நாலு பக்கமும் குண்டுச் சக்கரம். அதை இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தினாள். ஊர் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்தது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது, ஷாக் அப்சர்பர் நாலும்தான் ஆயில் வடிந்து செத்துக் கிடந்தன. நகரத்துக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாள். தாவிக் குதிக்கிறதற்கென்று தனியாக வருகிற ஷாக் இருக்கிறது, ஆனால் அது ஒரு ஜோடி வாங்குகிற விலைக்கு இந்த வண்டியையே ரெண்டு வாங்கலாம் என்று கடைக்காரன் சொல்லிச் சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டுப் புருஷனுடைய ஆட்டோவைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

ஆட்டோவின் கெட்டி ஸ்பிரிங்கை முன்பக்கம் போட்டு, அது எப்போதும் கொஞ்சம் அமுங்கியே இருக்கும்படி இரும்புப் பைப்பில் வளையம் அறுத்து மேலே செருகினாள். பின்பக்கத்துப் பழைய ஷாக்கைப் பிரித்து, சீல் மாற்றி, கெட்டி ஆயில் ஊற்றி, டயர்க் கடையில் கெஞ்சி நைட்ரஜன் ஏற்றினாள். உப்பளத்தில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி, ஷாக் அடிமுட்டினாலும் இரும்போடு இரும்பு மோதாதபடி மெத்தை வைத்தாள். டயரில் காற்றைக் குறைத்தாள். பள்ளம் தோண்டிக் குவித்த மண் இரண்டு கரையிலும் மேடாகக் கிடந்ததல்லவா, கம்பெனி தானம் பண்ணிய அந்த மேட்டின்மேல் பனையோலையைப் பரப்பி ஏற்றமாக்கிக்கொண்டாள். முதல் தாவலில் ஸ்பிரிங் முறிந்தது. இரண்டாம் தாவலில் உதடு கிழிந்தது. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில், அக்கரைக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டை அட்டையை மடியில் கட்டிக்கொண்டு திரும்பித் தாவியபோது, வண்டி தரையில் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. முப்பது முட்டையில் ஒன்றுகூடக் கீறவில்லை.

அதே நேரத்தில் கிழக்குத் தெருவில், நோட்டில் முதல் வீடான கோயில்பிள்ளை அண்ணாச்சி வீட்டில், பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒரு முழம் மேலே போய்க் கீழே வந்தார். பரணில் இருந்த வெங்கலப் பானை உருண்டு வாசல்வரை போயிற்று. நிலநடுக்கம் என்று தெருவுக்கு ஓடி வந்தால், பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கையில் ஒரு புள்ளி பிசகவில்லை. மறுநாள் அவள் தாவிய நேரத்துக்கு இரண்டாவது வீடு குலுங்கியது. அதற்கு மறுநாள் மூன்றாவது வீடு. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, இரண்டு குலுக்கும் அன்றைய வீட்டுக்கே. நாலாம் நாள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வண்டி இறங்குகிற குலுக்கு வண்டிக்கு வராமல், கோயில் நோட்டு வரிசைப்படி வீடு வீடாக வருகிறது. ஏன் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வரிசைப்படி வருகிறதா, அப்படியானால் சரி, தனக்கு முன்னால் எத்தனை வீடு என்று எண்ணத் தொடங்கினார்கள்.

பிறகு அதுவே ஊரின் நடப்பாகிவிட்டது. முறை வருகிற வீட்டில் முதல் நாளே பாத்திரத்தை எல்லாம் தரையில் இறக்கி, சாமி படத்தைக் கழற்றி மெத்தைக்கு நடுவே வைத்து, கைக்குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, வாசல் தெளித்து உட்கார்ந்திருந்தார்கள். உங்க வீட்டுக் குலுக்கு என்னைக்கு என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டு, பஸ் பிடித்து, கடைசிப் பதினொரு கிலோமீட்டரைத் திட்டிக்கொண்டே சுற்றி வந்தார்கள். ஒருவருக்கு இறங்கியிருந்த தோள்பட்டை குலுக்கில் ஏறிக்கொண்டது. ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டியை ஒரே மூலையில் கொண்டுபோய்ப் போட்டது. முகம் உரசக் கிடந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. குலுக்கு குறைவாக வந்த வீட்டுக்காரர்கள், எங்க வீட்டு முறைக்கு மட்டும் மெதுவா தாவினியோ என்று கொட்டகைக்கே வந்து சண்டை போட்டார்கள். அவள் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அவள் வீட்டு முறை. சிரிக்காதீர்கள், அவளும் முந்தின நாளே பாத்திரத்தை இறக்கினாள். இருக்கிற நாலு தட்டையும் ஒரு குடத்தையும் புருஷனுடைய படத்தையும் பாயில் அடுக்கி, சுவரில் தேதி காலண்டரை மட்டும் விட்டு வைத்துவிட்டுப் போய்த் தாவினாள். இரண்டு தடவையும் தாவி முடித்து வீட்டுக்கு வந்தால், வைத்தது வைத்தபடி இருந்தது. காலண்டர்கூட அசையவில்லை. குலுக்கு அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே அலமாரியைக் கவிழ்த்திருந்தது. பொருள் சேதம் இல்லாமல் தப்பிச்சே என்று அந்த வீட்டுக்காரி பொறாமையாகச் சொன்னாள். சித்திரைக்கனி ஆமாம் என்று சிரித்தாள். அன்று இரவு பாயில் அடுக்கியதை எடுத்து வைக்க உட்கார்ந்தாள். புருஷன் செத்தபோது வராத ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி வைத்தாள்.

வரிசையின் கடைசி நாள் கம்பெனியின் முறை. கொடுத்த ஜெனரேட்டருக்கு வஞ்சகம் இல்லாமல் குலுக்கு அங்கேயும் போயிற்று. ஆபீஸ் ஜன்னல் ஏசி கழன்று மேனேஜருடைய ஜீப்பின்மேல் விழுந்தது. அவர் வெளியூர்க்காரர், நோட்டுக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது, ஆனால் யார் தாவுகிறாள் என்று தெரிந்தது. மறுநாள் விடியும்போது மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது. பதினைந்து அடி முப்பது அடியாயிற்று. தாசில்தார் புதன்கிழமை வருகிறார் என்று தாக்கலும் அன்றைக்குத்தான் வந்தது.

முப்பது அடியைத் தாண்ட எவ்வளவு உயரம் போக வேண்டும், அங்கிருந்து விழுந்தால் எவ்வளவு அடி என்று அவள் தரையில் குச்சியால் கீறிப் பார்த்தாள். ஷாக் அடிமுட்டாமல் தாங்கினால்தான் குலுக்கு ஊருக்குப் போகிறது, தாங்காவிட்டால் அது வண்டியிலேயே நின்று அவள் முதுகெலும்பை ஒடித்துவிடும் என்பதை முதல் இரண்டு தாவலிலேயே படித்திருந்தாள். ஆட்டோ ஸ்பிரிங்குக்கு உள்ளே சின்னதாக இன்னொரு ஸ்பிரிங்கைச் செருகினாள், பெல்ட் மெத்தையை இரட்டையாக்கினாள், ஆயிலை இன்னும் கெட்டியாக்கினாள். திங்கட்கிழமை தாவினாள். ஷாக் தாங்கியது. ஆனால் வரிசை திரும்பவும் முதல் வீட்டிலிருந்து தொடங்கியிருந்தது. கோயில்பிள்ளை அண்ணாச்சி வீட்டுச் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது, அவள் திரும்பி வந்தபோது அடுக்களை ஓடு மொத்தமும் சரிந்தது.

அன்று சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். அடுத்த முறை லீலாபாக்கியத்தின் வீடு. சத்துணவில் சமைக்கிறவள், மண்சுவர் வீடு, பனையேறி விழுந்த புருஷன் நாலு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறான். அந்த வீடு தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு குலுக்கை ஒரே வீடு ஏன் தாங்க வேண்டும், கிணறு தூர் வாருகிற மாதிரி நோட்டை வாசித்துப் பங்கு வைக்கலாமே என்று, உட்கார இடம் இல்லாததால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த சித்திரைக்கனிதான் சொன்னாள். நல்ல யோசனையை யார் சொன்னது என்று பார்க்காமல் எடுத்துக்கொள்வதில் ஊருக்குப் பழக்கம் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை, கோயில் மைக்கில் அண்ணாச்சி நோட்டை வாசிக்க, வீட்டு வீட்டு வாசலில் நின்று ‘ஏத்துக்கிட்டோம், ஏத்துக்கிட்டோம்’ என்று குரல் வர, அவள் தாவினாள். ஒவ்வொரு வீட்டிலும் முதுகில் தட்டிக் கொடுக்கிற அளவுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஊரே சிரித்தது. ஆனால் ‘சித்திரைக்கனி வீடு, அரை’ என்று வாசித்த அந்த அரைப் பங்குக் குலுக்கு மட்டும் போக வீடில்லாமல் தெருவில் நின்றது. ஆட்டுக் கயிற்றை அறுத்தது, குழாயடியில் குடங்களை உருட்டியது, தையல் மெஷினைக் கவிழ்த்தது, அவள் வீட்டு வாசல்வரை மூன்று தடவை வந்து வந்து படியேறாமல் திரும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் மதியத்துக்கு மேல் லீலாபாக்கியத்தின் வீட்டு மூலையில் போய் முட்டியது. மண்சுவர் சரிந்து, புருஷன்காரன் கட்டிலுக்கு ஒரு சாண் இப்பால் வந்து நின்றது.

போனில் சேதி கேட்டு, திரும்பத் தாவ மனமில்லாமல் அக்கரையிலேயே வண்டியை டீக்கடையில் நிறுத்திவிட்டு, பால் வேனில் ஏறிப் பதினொரு கிலோமீட்டரைச் சுற்றி அவள் ஊருக்குள் வந்தபோது, இடிந்த சுவருக்கு முன்னால் ஊரே நின்றது. லீலாபாக்கியம் மண்கட்டிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள், யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சித்திரைக்கனிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோயில்பிள்ளை அண்ணாச்சி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாதை போனால் போகட்டும், சுற்றிப் போய்ப் பழகிக்கொள்வோம், நாளைக்கு யாரும் தாவ வேண்டாம் என்றார். பாதி ஊர் தலையாட்டியது. அவள் கூட்டத்துக்கு நடுவே வந்தாள். அங்கே உட்காருவது இருக்கட்டும், நடந்து வருவதற்கே அவளுக்கு முறை கிடையாது. யாரும் தடுக்கவில்லை.

“அண்ணாச்சி, நான் அரை ஆளுன்னா அந்தப் பள்ளத்துல பதினஞ்சு அடிதான தாண்டியிருக்கணும். மிச்சப் பதினஞ்சடிய யாரு தாண்டுனா?”

அவர் நோட்டை மறு அக்குளுக்கு மாற்றினார்.

“கம்பெனிக்காரன் நம்ம பாதைய வெட்டுதான், அவன் முழுசு. அத நான் தாண்டுதேன், நான் அரை. குலுக்குக்குக் கண்ணு இருக்கா, நீங்க நோட்டுல எழுதுனததான அது படிக்கி. இன்னைக்கு ஒரு சொவரு போச்சு. அரைய அப்படியே வச்சுக்கிட்டிருந்தா நாளைக்கு ஒரு உசிரு போவும். பாதை போட்டும்னு சொல்லுதிய, அந்தப் பாதையில நீங்க வந்து என் புருஷன் பொணத்தத் தூக்குனிய, நெனப்பிருக்கா?”

அது வழிவழியா வந்த முறை தாயி, ஒருத்தனா நான் மாத்த முடியாது என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். லீலாபாக்கியம் அப்போதுதான் நிமிர்ந்தாள். மண் கையோடு வந்து அவர் அக்குளில் இருந்து நோட்டை உருவி, இடிந்த சுவர்மேல் விரித்து வைத்தாள்.

“எழுதுங்க அண்ணாச்சி. வீடு விழுந்தவ நான் சொல்லுதேன்ல்லா.”

அண்ணாச்சியின் பிளந்த சுவர் அவருக்கு ஞாபகம் வந்ததோ, தலைமேல் ஓடு இல்லாமல் படுத்த ராத்திரி ஞாபகம் வந்ததோ, அல்லது வெறுமே வெட்கம்தானோ தெரியாது. பேனாவைக் கேட்டு வாங்கி, ‘அரை’யை அடித்தார். அதன் பக்கத்தில் ஒன்று என்று போட்டார். இடிந்த சுவர்மேல் வைத்து எழுதியதால் கோணலாக விழுந்தது.

புதன்கிழமை தாசில்தார் அம்மா ஊர்ப்பக்கத்துக் கரையில் வந்து நின்றார். பக்கத்தில் மேனேஜர், வரைபடத்தை விரித்துப் பிடித்து, பாருங்கள் மேடம், இதில் யார் போக முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கரையில் வண்டி உறுமியது. கோயில் மைக் கரகரத்தது. அண்ணாச்சி வாசிக்க வாசிக்க, வாசல் வாசலாக ‘ஏத்துக்கிட்டோம்’ எழுந்து தேரி முழுக்கப் பரவ, கட்டிலில் கிடந்தவன் பங்குக்கு லீலாபாக்கியம் உரக்கச் சொல்ல, அவள் ஆக்ஸிலேட்டரை விடாமல், உட்காராமல், முழங்காலை மடக்கி எழுந்து நின்றபடி மேட்டில் ஏறினாள். மேட்டின் விளிம்பு போயிற்று, பனையோலை போயிற்று, கீழே முள்கம்பி வெயிலில் மின்னியது, அதுவும் போயிற்று. மேலே இருந்தபோது ஊரின் ஓட்டுக் கூரைகளையும், வாசல்களில் நிற்கிற தலைகளையும், ஆள் இல்லாத தன் வீட்டு வாசலையும் அவள் பார்த்தாள். அப்போதுதான் மைக்கில், சித்திரைக்கனி வீடு, ஒண்ணு என்று கேட்டது. அந்த வாசலில் பதில் சொல்ல யாரும் இல்லை. அவளே ஆகாயத்தில் இருந்து கத்தினாள்.

“ஏத்துக்கிட்டேன்.”

அடுத்து, கடைசி வரியாகக் கம்பெனி பெயரையும் அண்ணாச்சி விட்டுவிடாமல் வாசித்தார்.

பின்சக்கரம் முதலில் தொட்டது, முன்சக்கரம் தொட்டது, ஷாக் நாலும் முக்கி அமுங்கி எழுந்தன. நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தெட்டுத் தட்டு விழுந்தது. மேனேஜர் வரைபடத்தோடு மணலில் உட்கார்ந்துவிட்டார், ஏனென்று அவருக்குத் தெரியவில்லை. எந்தக் குலுக்கும் தெருவில் நிற்கவில்லை. சித்திரைக்கனியின் இடுப்பில், இத்தனை நாள் தாவியும் வராத இடத்தில், சுளீர் என்று ஒன்று ஏறிப் பிடரிவரை போயிற்று. அவள் வண்டியை நிறுத்திவிட்டு, ஹாண்டில்பாரில் தலையைச் சாய்த்து, விம்மி அழுதாள். அடி பலமாகப் பட்டுவிட்டதோ என்று தாசில்தார் அம்மா ஓடி வந்து கேட்டார்.

“ஆமா மேடம். பட்டுட்டு” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. பிறகு, பாதை புழக்கத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள், போதாதென்றால் திரும்பப் போய்க் காட்டுகிறேன் என்று வண்டியைத் திருப்பினாள். வேண்டாம் வேண்டாம் என்று அந்த அம்மா அவசரமாக எழுதினார்.

பள்ளத்தை மூட ஒரு மாதம் ஆயிற்று; அந்த ஒரு மாதமும் அவள் தினமும் தாவினாள். இப்போது பாதை சமமாக இருக்கிறது, முட்டை சைக்கிளில் வருகிறது. அவள் வீட்டுக்குப் போனால், சுவரில் அந்த வருஷத்துத் தேதி காலண்டர் ஆணியில் கோணலாகத் தொங்குவதைப் பார்க்கலாம். போகிறவர்கள் எல்லாம், கை சும்மா இருக்காமல், அதை நேராக்கப் போவார்கள்.

“தொடாதிய,” என்பாள். “அது என் வீட்டுக்கு வந்த குலுக்கு.”